ஏறுகிறவருக்கே முதல் வழி

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இந்த மாதிரிச் சாலையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்து, ஒன்றுக்குத்தான் இடம் என்றால் யார் நிற்க வேண்டும்? ஹாரனை முதலில் அடித்தவர் போகலாம் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு.

1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே இதற்குப் பதில் இருந்தது. அகலம் போதாத மலைச்சாலையில், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும்.

பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால், மறுபடி கிளப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு முழமாவது பின்னால் உருளும். கிளட்ச் தீய்கிற நாற்றம் மூக்கைத் துளைக்கும். கிளீனர் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்துக்கு ஓடுவார். இறங்குகிறவருக்கோ பிரேக்கை மிதித்தால் போதும். ஏறிய கியரிலேயே இறங்குகிறவராக இருந்தால் அதையும் அழுத்தி மிதிக்க வேண்டியதில்லை.

மலையில் ஓட்டிப் பழகிய பேருந்து ஓட்டுநர்களைக் கவனியுங்கள். வளைவுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, கீழேயிருந்து வருகிறவர் திரும்பி முடிக்கும்வரை காத்திருப்பார்கள். நீள வண்டி திரும்பச் சாலை முழுவதும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு மலை பார்க்க வந்த கார்க்காரர்தான் வளைவின் நடுவில் மூக்கை நுழைத்துவிட்டு, பின்னால் எடுக்கவும் வராமல் விழிப்பார். அவரை நம்பிப் பின்னாலேயே இன்னும் நாலு கார் ஒட்டி நிற்கும். அப்புறம் நடத்துநர் இறங்கி விசில் ஊத வேண்டியதுதான், அதுவும் கடைசிக் காரிலிருந்து.