இரயில் பாதையைக் காத்த மக்கள்



மலாயாவின் முதல் இரயில் 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை இன்று இல்லை. கோலா செபெத்தாங் எனப் பெயர் மாறிவிட்ட அவ்வூரில், பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நினைவுச் சின்னமாக நிற்கிறது. கைவிடப்பட்ட பாதை மீண்டும் உயிர்பெறுவது அரிது. ஆதலின், ஓடுகின்ற இரயிலைக் காப்பதும், அதன் சேவை சிறக்க வேண்டுமெனக் கேட்பதும் பயணிகளின் கடமையாகும். அக்கடமையைச் செவ்வனே ஆற்றிய மக்களின் வரலாறு ஒன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

இங்கிலாந்தின் வடபகுதியில், செட்டில் என்னும் சிற்றூரிலிருந்து கார்லைல் நகர்வரை 72 மைல் நீளமுள்ள மலைப்பாதை ஒன்று உண்டு. 1876ஆம் ஆண்டு முதல் அதில் பயணிகள் இரயில் ஓடிவருகிறது. வழியெங்கும் ஆட்டுப் பண்ணைகளும் சிறு கிராமங்களுமே. 1970இல் இடையிலிருந்த சிறு நிலையங்கள் பல மூடப்பட்டன. 1983இல் பாதையையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ரிபிள்ஹெட் என்னுமிடத்தில் 24 வளைவுகளுடன் நிற்கும் கற்பாலம் பழுதடைந்துவிட்டது. அதனைச் செப்பனிடப் பெருஞ்செலவாகும் என்பது கூறப்பட்ட காரணம்.

இவ்வாறு நேரக்கூடும் என ஐயுற்ற மக்கள் 1981இலேயே பாதையின் நண்பர்கள் சங்கம் ஒன்றினை அமைத்திருந்தனர். அவர்கள் வெறுங்கூச்சல் எழுப்பவில்லை. சட்டம் என்ன கூறுகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டனர். இரயில் நின்றால் பயணிகளுக்கு நேரும் இன்னல்களை விசாரிக்க அந்நாட்டில் ஒரு குழு இருந்தது. 'இப்பாதை அழகானது' என்று எழுதினால் அக்குழுவிடம் எடுபடாது. 'இந்த இரயில் நின்றுவிட்டால் மருத்துவமனைக்கு எப்படிச் செல்வேன்? வேலைக்கு எப்படிச் செல்வேன்?' என்று எழுத வேண்டும். இதனைச் சங்கத்தார் ஊர் ஊராக எடுத்துரைத்தனர்.

ஆட்சேபக் கடிதங்கள் 22,000க்கு மேல் குவிந்தன. அவற்றுள் ஒன்று ரஸ்வார்ப் என்னும் நாயின் பாதச்சுவடு பதித்த கடிதம்! அந்நாய் கட்டணம் செலுத்திப் பயணம் செய்ததால், அதன் ஆட்சேபமும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாம்.

மற்றொரு புதுமையும் நிகழ்ந்தது. பாதையை மூடும் பணிக்கென நியமிக்கப்பெற்ற ரான் காட்டன் என்னும் இரயில்வே அதிகாரி, மலிவுக் கட்டணங்களை அறிமுகப்படுத்திப் பயணிகளைப் பெருக்கினார். 1986இல் மூடிக்கிடந்த நிலையங்களுள் எட்டு மீண்டும் திறக்கப்பட்டன. பயணிகள் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தது. ஆளில்லாத இரயில் என்ற வாதம் வலுவிழந்தது. பாலத்தைச் செப்பனிடும் செலவும் முதலில் மதிப்பிட்ட அளவுக்கு இராது என்பது சோதனையில் தெரியவந்தது. இறுதியில், 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், பாதை மூடப்படமாட்டாது என அரசாங்கம் அறிவித்தது. இன்றும் அப்பாதையில் இரயில் ஓடுகிறது.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, இரயிலை நாமே பயன்படுத்த வேண்டும். காலியாக ஓடும் வண்டிக்காகப் பரிந்து பேசுவோர் சொல் எடுபடாது. இரண்டாவது, குறைகளைக் கணக்கோடு கூற வேண்டும். எந்த நாள், எந்த வண்டி, எத்தனை நிமிடத் தாமதம், நம் நிலையத்தில் ஏறியோர் எத்தனை பேர் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவோம். 'வண்டி எப்போதும் தாமதம்' என்னும் புலம்பலைவிட, ஒரு மாதக் கணக்கு வலிமை மிக்கது. மூன்றாவது, ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். தோட்டத்துத் தொழிலாளரும், பக்கத்துக் கம்பத்து மக்களும், பட்டணத்துக் கடைக்காரரும் ஒரே மகஜரில் கையொப்பமிட்டு, மாவட்ட அலுவலகத்திற்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இரயில்வே நிர்வாகத்திற்கும் அனுப்பலாம். பால் வெட்டு முடிந்து மருத்துவமனைக்குச் செல்லும் தாயின் தேவையும், பட்டணத்துப் பள்ளியில் பயிலும் பிள்ளையின் தேவையும் அதில் இடம்பெறட்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். இரயிலுக்கும் அது பொருந்தும். இன்றே குறிப்பேட்டைத் திறப்போம்; அயலாரையும் அழைப்போம்.