மரத்தடியில் சாப்பிட வைத்தார்கள். அவர் தனி கிளப்பே கட்டினார்!



புச்சி பாபு பெயரில் ஒரு கிரிக்கெட் போட்டி இருக்குது. யார் இந்த புச்சி பாபு? நம்ம பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பல பேருக்குத் தெரியாது. அதனால இன்னைக்கு அவரைப் பற்றித்தான் பேசப் போறேன்.

முழுப்பெயர் வெங்கட மகிபதி நாயுடு. 1868-இல் பிறந்தவர். துபாஷ் குடும்பத்து வாரிசு. மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற பெரிய பங்களா. பணத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆனா அந்தப் பணத்தால ஒரு கதவைத் திறக்க முடியல. சேப்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், ஐரோப்பியர்களுக்கு மட்டுமே. நம்ம ஆட்கள் அங்கே ஆடப் போகலாம். பெவிலியனுக்குள் கால் வைக்க முடியாது. துரைமார்களுக்கு உள்ளே விருந்து, நம்மவர்களுக்கு மரத்தடியில் சாப்பாடு!

புச்சி பாபு என்ன செய்தார்? துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு இருபதுதான்! மட்டையும் பந்தும் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்குத் தன் கைக்காசைப் போட்டு வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தையும் கற்றுக் கொடுத்தார்.

இருபது ஆண்டு உழைப்பு. 1908-இல் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் நேருக்கு நேர் மோத ஏற்பாடு செய்தார். அதுதான் பிரசிடென்சி மேட்ச். அந்த ஆட்டத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கல. அதுக்கு முன்னாடியே, நாற்பது வயசுல காலமாகிட்டார். ஆனா ஆட்டம் நின்னு போகல. பின்னாளில் அது சென்னையின் பொங்கல் திருவிழாவாகவே மாறியது. அடுத்த ஆண்டே அவர் பெயரில் கோப்பைப் போட்டியும் வந்தது.

அவர் மகன் கோட்டா ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936-இல் நாற்பது வயதில் மான்செஸ்டர் டெஸ்ட் போட்டியில் இறங்கி 40, 60 என்று ரன் குவித்தார். அப்பனை மரத்தடியில் உட்கார வைத்த இங்கிலாந்துக்கு எதிராக, அவங்க மண்ணிலேயே!

தோழர்களே, பணக்காரர்கள் எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. புச்சி பாபு பெயர் நூறு ஆண்டு தாண்டி நிக்குதுன்னா, அவர் சேர்த்த சொத்துக்காக இல்லை. இல்லாதவன் கையில் அவர் கொடுத்த மட்டைக்காக.

இன்னைக்கும் ஷூ வாங்க வழியில்லாம வீட்டுல உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இருக்காங்க. மைதானத்துக்குப் பூட்டு போட்ட ஊர்களும் இருக்கு. உங்க வார்டில் அப்படி ஒரு பூட்டு தொங்கினா, அடுத்த கிளைக் கூட்டத்தில் அதை முதல் கோரிக்கையா வையுங்க. வசதி உள்ளவங்க ஒரு பிள்ளைக்காவது ஷூ வாங்கிக் கொடுங்க.