குயின் பேண்ட் தேடிய நாலாவது ஆள்

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.]

இன்னைக்கு எபிசோடை ஒரு சினிமாவுல இருந்து ஆரம்பிக்கலாம். 2018-ல வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதுல ஸ்மைல்னு ஒரு காலேஜ் பேண்ட். ஒரு ராத்திரி ஷோ முடிஞ்சதும் அவங்க பாடகர் விலகிப் போயிடுறார். அதே ராத்திரி ஃப்ரெடி வந்து நிக்கிறார், பாடிக் காட்டுறார். அடுத்த ஷோவுல பார்த்தா நாலு பேரும் மேடையில ரெடி. குயின் பிறந்தாச்சு.

நிஜத்துல அந்த ரெண்டு சீனுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு வருஷம் இருக்கு. அந்த ஒரு வருஷத்துல மூணு பேஸ் கிட்டாரிஸ்ட் வந்து போயிருக்காங்க. படத்துக்கு நேரம் கம்மி, வெட்டிட்டாங்க, தப்பில்ல. ஆனா சொந்தமா பேண்ட் வெச்சிருக்கிறவங்களுக்கும், வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் அந்த வெட்டின வருஷம்தான் தேவையான வருஷம். ஏன்னா நம்ம எல்லாருக்கும் இருக்கிற பயம் ஒண்ணுதான்: ஒருத்தர் போயிட்டா எல்லாம் முடிஞ்சதா?

ஒரு ஆள், ரெண்டு வேலை

முதல்ல ஸ்மைல் எப்படி உருவாச்சுன்னு பார்ப்போம். பிரையன் மேயும் டிம் ஸ்டாஃபெலும் ஸ்கூல் காலத்துலயே ஒண்ணா வாசிச்சவங்க. அந்தப் பேண்டுக்குப் பேர் '1984'. 1967 மே மாசம் லண்டன் இம்பீரியல் கல்லூரியில ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஷோ நடந்தப்போ, அதுக்கு முன்னாடி வாசிச்ச பேண்டுகள்ல இதுவும் ஒண்ணு. அப்படி ஒரு மேடை கிடைச்சும் அந்தப் பேண்ட் நிலைக்கல.

1968-ல ரெண்டு பேரும் புதுசா ஆரம்பிக்கிறாங்க. டிரம்மர் வேணும். என்ன செஞ்சாங்க? இம்பீரியல் கல்லூரி நோட்டீஸ் போர்டுல ஒரு அட்டை எழுதிக் குத்தினாங்க. அதைப் பார்த்தது ரோஜர் டெய்லரோட ரூம்மேட். அவர் போய் ரோஜர்கிட்ட சொல்றார். ரோஜர் அப்போ பல் மருத்துவம் படிச்சிட்டிருந்த பையன். பிரையன் இயற்பியல் மாணவர். ஆக ஸ்மைல்ல மூணு பேர்: பிரையன் கிட்டார், ரோஜர் டிரம்ஸ், டிம் பாட்டு.

இங்கதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். டிம் பாடகர் மட்டும் இல்ல. பேஸ் கிட்டாரும் அவர்தான்.

ஸ்மைல் மோசமான பேண்ட் இல்ல. 1968 அக்டோபர்ல அதே கல்லூரியில பிங்க் ஃப்ளாய்டுக்கு முன்னாடி வாசிச்சாங்க. 1969-ல ஒரு சிங்கிள் வந்தது, ஆனா அமெரிக்காவுல மட்டும். யாரும் கண்டுக்கல. 1970-ல டிம் வேற பேண்டுக்குப் போயிட்டார்.

சாஃப்ட்வேர் டீம்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின கதை. ஒருத்தர் பேப்பர் போடுறார். அவர் செஞ்ச வேலையில வெளிய தெரியிற பாதிக்கு உடனே ஆள் கிடைச்சிடும். வெளிய தெரியாத இன்னொரு பாதிக்குத்தான் மாசக்கணக்குல அல்லாடணும். ஸ்மைலுக்கு நடந்ததும் அதேதான்.

பாடகர் பக்கத்துலயே இருந்தார்

தெரியிற பாதி, அதாவது பாடகர். அதுக்கு ஆள் ரெடியா இருந்தார். ஃப்ரெடி அப்போ ஃப்ரெடி புல்சாரா. ஈலிங் கலைக் கல்லூரியில டிம்மோட படிச்சவர். ஸ்மைலோட தீவிர ரசிகர். ரோஜரோட சேர்ந்து கென்சிங்டன் மார்க்கெட்ல பழைய துணி விக்கிற கடை கூட போட்டிருந்தார்.

ஆனா அவர் சும்மா காத்துக்கிட்டு இருக்கல. அவரோட முதல் பேண்ட் நம்ம நாட்டுல, மகாராஷ்டிராவுல இருக்கிற பஞ்ச்கனியில, போர்டிங் ஸ்கூல்ல. பேர் ஹெக்டிக்ஸ். அதுல அவர் பியானோ. லண்டன் வந்த பிறகு 1969-ல ஐபெக்ஸ்னு ஒரு பேண்ட்ல பாடினார். அதுவே ரெக்கேஜ்னு பேர் மாறிச்சு, அப்புறம் கலைஞ்சு போச்சு. அடுத்தது சவர் மில்க் சீ. அதுவும் சில மாசம்தான். ஒரு வருஷத்துக்குள்ள மூணு பேர்ப்பலகை. இன்னைக்கு நாம பார்க்கிற அந்த மேடை ஃப்ரெடி, இப்படிக் கலைஞ்சு போன பேண்டுகள்ல பாடிப் பாடி வந்தவர்.

1970 ஜூன் 27. கார்ன்வால் பகுதியில ட்ரூரோன்னு ஒரு ஊர். ரோஜர் வளர்ந்த ஊர். செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஒரு ஷோ, ஏற்பாடு பண்ணது ரோஜரோட அம்மா. விளம்பரத்துல இருந்த பேர் ஸ்மைல். மேடை ஏறினது ஃப்ரெடியோட புது பேண்ட். அம்மா ஏற்பாடு பண்ண ஷோவுல, பழைய பேர்ல. உலகத்தையே புரட்டிப் போட்ட பேண்டோட முதல் ஷோ இவ்வளவுதான். அதனால உங்க முதல் ஷோ அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுலன்னா கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

மூணு பேர் வந்து போனாங்க

இப்போ தெரியாத பாதிக்கு வருவோம். பேஸ்.

பேஸ்னா என்ன வேலைன்னு ஒரு வரியில சொல்லிடுறேன். டிரம்ஸ் தாளத்தைத் தருது, கிட்டார் சுருதியையும் நிறத்தையும் தருது. இந்த ரெண்டையும் தைக்கிற நூல் பேஸ். இருக்கும்போது பலர் கவனிக்க மாட்டாங்க, இல்லாதப்போ பாட்டு காலியா கேக்கும். இளையராஜா பாட்டுகளை நல்ல ஹெட்ஃபோன்ல கேட்டவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

குயின்ல இது இன்னும் சிக்கல். பிரையனோட கிட்டார் கடையில வாங்கினது இல்ல. 1963-ல அவரும் அப்பாவும் வீட்டுலயே செய்ய ஆரம்பிச்சது. பழைய கணப்படுப்பு மரம், மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்னு கையில கிடைச்சதை வெச்சு செஞ்சாங்க. அதோட சத்தம் அடர்த்தியானது, நிறைய இடம் எடுத்துக்கும். ரோஜர் டிரம்ஸ் வாசிக்கிறதோட உச்ச ஸ்தாயியில பாடவும் செய்வார். முன்னாடி ஃப்ரெடி. மூணு பேருமே வெளிச்சத்துக்குப் பிறந்தவங்க. நாலாவதும் அப்படியே வந்தா என்ன ஆகும்?

முதல்ல மைக் குரோஸ். ட்ரூரோ ஷோவுல வாசிச்சவர். சில ஷோக்களோட விலகிட்டார். 1970 ஆகஸ்ட்ல பாரி மிட்செல். அஞ்சு மாசம் போல இருந்தார், 1971 ஜனவரியில அவரும் போயிட்டார். பிப்ரவரியில டக்னு ஒருத்தர், ரெண்டே ஷோ. மேடையில கவனத்தைத் தன் பக்கம் இழுத்தார், அது மத்தவங்களுக்கு ஒத்து வரலைங்கிறது பேண்ட் தரப்புல சொல்லப்படுற காரணம். ஜூன்ல இருந்து பிப்ரவரிக்குள்ள மூணு பேர்.

யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் எல்லாப் பாட்டையும் புது ஆளுக்கு முதல்ல இருந்து சொல்லித் தரணும். வருமானம் கிடையாது. சிலருக்குப் படிப்பு வேற இருக்கு. இந்த இடத்துல நிறுத்தியிருந்தா யாரும் அவங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

அமைதியான எலக்ட்ரானிக்ஸ் பையன்

1971 தொடக்கத்துல, ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில நடந்த டிஸ்கோவுல பிரையனும் ரோஜரும் ஜான் டீக்கனைச் சந்திக்கிறாங்க. வயசு 19. செல்சீ கல்லூரியில எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறார். லெஸ்டர்ஷயர்ல ஸ்கூல் பையனா இருந்தப்பவே பேண்ட்ல வாசிச்சவர். சுவாரசியம் என்னன்னா, சில மாசத்துக்கு முன்னாடியே குயின் ஷோ ஒண்ணை அவர் பார்த்திருக்கார். அது மனசுல பெரிசா நிக்கலைன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார்!

இம்பீரியல் கல்லூரி லெக்சர் ஹால்ல வாசிச்சுக் காட்டினார். நல்லா வாசிச்சார், அதிகம் பேசல, யாரையும் தாண்டி நிக்க முயற்சி பண்ணல. கூடவே ஆம்ப் கெட்டுப் போனா சரி பண்ணத் தெரிஞ்சவர். சேர்த்துக்கிட்டாங்க.

எனக்குப் பிடிச்சது அடுத்து அவங்க செஞ்சதுதான். உடனே மேடைக்கு ஓடல. மாசக்கணக்குல ஒத்திகை. டீக்கனோட முதல் ஷோ 1971 ஜூலையில, சர்ரியில ஒரு கல்லூரியில. அதே வருஷம் அவர் முதல் வகுப்புல பட்டமும் வாங்கிட்டார். அப்புறம் வெம்ப்ளியில புதுசா கட்டின டி லேன் லீ ஸ்டுடியோ தன் கருவிகளைச் சோதிச்சுப் பார்க்க, சத்தமா வாசிக்கிற ஒரு பேண்டைத் தேடிச்சு. குயின் போய் வாசிச்சாங்க. அதுக்குப் பதிலா டெமோ பதிவு பண்ணிக்கிட்டாங்க. முதல் ஆல்பம் வந்தது 1973 ஜூலையில. அந்த நாலு பேர் சேர்ந்தும் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அந்த அமைதியான பையன் என்ன செஞ்சார்? 1972-ல குப்பையில கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வெச்சு பேட்டரியில ஓடுற ஆம்ப் செஞ்சார். வால்யூம் திருகு கூட கிடையாது. பிரையன் அதுல வாசிச்சுத்தான் 'குட் கம்பெனி' பாட்டுல கிட்டாரை ஊதுகருவிகள் மாதிரி ஒலிக்க வெச்சார். 1980-ல அமெரிக்காவுல முதலிடம் பிடிச்ச 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' டீக்கன் எழுதினது. அந்தப் பாட்டோட முதுகெலும்பு பேஸ்தான்.

போனவங்க கதை

டிம் போய்ச் சேர்ந்த பேண்ட் சீக்கிரமே முடிஞ்சது. 'ஐயோ, குயினை விட்டுட்டாரே'ன்னு தோணும். ஆனா அவர் மாதிரி உருவங்கள் செய்யிற கலைஞர் ஆனார். 'தாமஸ் த டேங்க் எஞ்சின்' தொடர்ல வேலை செஞ்சவர். அவரும் பிரையனும் சேர்ந்து எழுதின 'டூயிங் ஆல் ரைட்' குயினோட முதல் ஆல்பத்துல இருக்கு. 2018 படத்துக்காக பிரையன், ரோஜரோட சேர்ந்து அந்தப் பாட்டை அவரே மறுபடி பாடினார். விலகினவர் எதிரி ஆகணும்னு கட்டாயம் இல்ல.

அதனால உங்க பேண்ட்ல ஒருத்தர் பெங்களூருக்கோ, ஆன்சைட்டுக்கோ, கல்யாணம் முடிஞ்சு வேற ஊருக்கோ கிளம்பினா, வாட்ஸ்அப் குரூப்பை உடனே கலைச்சிடாதீங்க. உட்கார்ந்து அவர் என்னென்ன வேலை செஞ்சார்னு ஒரு லிஸ்ட் போடுங்க. பாட்டு, பேஸ், ஜாம் ரூம் புக் பண்றது, சண்டையை அடக்குறது, கேபிள் எடுத்துட்டு வர்றது எல்லாம். வாசிக்கிறதுக்கு ஆள் தேடுறப்போ மத்த வேலைகளையும் சேர்த்துத் தேடுங்க. ஒண்ணு ரெண்டு பேர் ஒத்து வராம போவாங்க. குயினுக்கே மூணு பேர் ஒத்து வரல.

இன்னைக்கு ராத்திரி குயினோட முதல் ஆல்பத்தைப் போட்டு, ஃப்ரெடியை விட்டுட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்க. என்ன தோணுச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.