மில்வாக்கியின் சோசலிஸ்ட் மேயர்கள்



அமெரிக்க மண்ணில் சோசலிசம் ஒருபோதும் வேர் பிடித்ததில்லை என்று முதலாளித்துவ ஆசிரியர்கள் சலிக்காமல் எழுதி வந்துள்ளனர். அந்நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் அமைந்த மில்வாக்கி என்ற தொழில் நகரத்தின் தேர்தல் வரலாறு இக்கூற்றுக்கு எதிர்ச் சாட்சியாக நிற்கிறது. எமில் சைடல், டேனியல் ஹோன், பிராங்க் சைட்லர் என்னும் மூன்று சோசலிஸ்டுகள் அந்நகரின் மேயராக மொத்தம் 38 ஆண்டுகள் பொறுப்பு வகித்தனர். ஆயினும் அந்த நாற்காலி நிலைத்த அளவுக்கு அதன் அடியில் இருந்த கட்சி நிலைக்கவில்லை. இன்று ஆராய வேண்டியது இந்த முரண்பாட்டைத்தான்.

மில்வாக்கி பீர் ஆலைகளுக்கும் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் இயந்திர உற்பத்திக்கும் பேர்பெற்ற ஊர். 1848 புரட்சியின் தோல்விக்குப் பின் ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர்களும், பின்னர் பிழைப்பு தேடி வந்த ஜெர்மானிய, போலந்துத் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலை நாளுக்கான போராட்டம் அந்நகரை நிறுத்தி வைத்தது. சிகாகோ ஹேமார்க்கெட் நிகழ்ச்சிக்கு மறுநாள், மே 5 அன்று, பே வியூ இரும்பாலையை நோக்கி ஊர்வலமாகச் சென்ற தொழிலாளர் மீது மாநில ஆளுநர் ரஸ்க் அனுப்பிய படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. குறைந்தது ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஒருவன் 13 வயதுச் சிறுவன். சிகாகோவை உலகத் தொழிலாளர் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். தொண்ணூறு மைல் தொலைவில் மறுநாளே சிந்திய குருதியை அறிந்தோர் மிகச் சிலர்.

அக்குருதி வாக்குப் பெட்டியில் பதில் கேட்டது. அவ்வாண்டு இறுதியிலேயே தொழிலாளர் ஆதரவு வேட்பாளர்கள் வெற்றி பெற்றனர். ஒருவரையொருவர் எதிர்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் 1888 மேயர் தேர்தலில் கைகோத்து நின்று தொழிலாளர் வேட்பாளரைத் தோற்கடித்தன. இந்தக் கைகோப்பு நினைவில் இருக்கட்டும், மீண்டும் வரும்.

அடுத்த கால் நூற்றாண்டின் கட்டுமானப் பணி, ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்து மில்வாக்கியில் ஆசிரியராகப் பணியாற்றிய விக்டர் பெர்கரின் பெயரோடு இணைந்தது. 1895இல் ரயில்வே தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ் சிறையில் இருந்தபோது அவருக்கு மார்க்சின் 'மூலதன'த்தைக் கொண்டு சென்று கொடுத்தவர் இவரே. நகரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பையும் கட்சியையும் ஏறத்தாழ அதே தோழர்களே வழிநடத்தும் நிலையைப் பெர்கரின் குழு உருவாக்கியது. தேர்தல் காலங்களில் ஞாயிறு அதிகாலையில் தொண்டர்கள் துண்டறிக்கைக் கட்டுகளுடன் தெருத்தெருவாகப் புறப்படுவர். எந்த வீட்டில் ஜெர்மன், எந்த வீட்டில் போலிஷ், எந்த வீட்டில் ஆங்கிலம் என்பது அவர்களது பட்டியலில் இருக்கும். மக்களிடம் அவர்கள் வீட்டு மொழியில் பேச வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்தரப்பில் இருந்தவர் டேவிட் ரோஸ். 1898 முதல் இடையில் இரண்டாண்டு நீங்கலாக 1910 வரை மேயராக வீற்றிருந்த ஜனநாயகக் கட்சிக்காரர். சூதாட்ட விடுதிகளும் ஒப்பந்தக்காரர்களும் அவரது ஆட்சியில் செழித்தனர். நகர அதிகாரிகள் மீதும் உறுப்பினர்கள் மீதும் இருநூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாயின. 1904இல் ஒன்பது சோசலிஸ்டுகள் நகரமன்றத்தில் நுழைந்தனர். அவர்களில் ஒருவர் சைடல். வார்ப்பாலைகளுக்கு மர அச்சு செதுக்கும் தொழிலாளியான அவர், தொழில் நுட்பம் கற்க பெர்லின் சென்று ஆறாண்டுகள் தங்கி, மர வேலையோடு மார்க்சியமும் கற்றுத் திரும்பியவர்.

1910 ஏப்ரல் தேர்தலில் சைடல் 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று மேயரானார். 35 நகரமன்ற இடங்களில் 21 சோசலிஸ்டுகளுக்குக் கிடைத்தன. அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் சோசலிஸ்ட் மேயர் அமர்ந்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டு இறுதியில் பெர்கர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கும் அவரே முதல் சோசலிஸ்ட். பின்னாளில் பெருங்கவிஞராக அறியப்பட்ட கார்ல் சாண்ட்பர்க் மேயரின் தனிச் செயலாளராகப் பணியாற்றினார். பொதுப்பணித் துறை அமைக்கப்பட்டது. நகரக் கணக்குகள் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தன. பொருளியல் அறிஞர் ஜான் காமன்ஸ் தலைமையில் நிர்வாகச் செலவுகளை ஆராயும் பிரிவு ஏற்பட்டது. ஆனால் மின்சாரத்தையும் டிராம் வண்டியையும் நகரவுடைமையாக்கும் திட்டம் நகராமல் நின்றது. அக்காலத்தில் அந்நகரம் மாநிலச் சட்டமன்றம் அனுமதித்ததை மட்டுமே செய்ய முடிந்தது; அந்தச் சட்டமன்றம் சோசலிஸ்டுகளின் கையில் இல்லை. இந்நிலை எத்தகையது என்பதை உள்ளாட்சிப் பொறுப்பில் இருந்த நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1912 தேர்தலில் 1888 மீண்டும் வந்தது. இரு கட்சிகளும் ஒன்று சேர்ந்து கெர்ஹார்ட் பேடிங் என்ற மருத்துவரை நிறுத்தின. சைடலின் வாக்கு குறையவில்லை. 30 ஆயிரத்தைத் தாண்டி உயர்ந்தது. ஆயினும் தோற்றார். வாக்கு கூடியும் தோல்வி! அத்துடன் நில்லாமல், அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் நகரத் தேர்தல்களைக் 'கட்சி சாரா' தேர்தல்களாக்கியது. வாக்குச் சீட்டிலிருந்து கட்சிப் பெயர்கள் நீக்கப்பட்டன. முதல் சுற்றில் முந்தும் இருவர் மட்டுமே இறுதிச் சுற்றில் மோதுவர். இரு முதலாளித்துவக் கட்சிகளும் ஒவ்வொரு முறையும் பேரம் பேசிக் கூடும் தொல்லையைச் சட்டமே தீர்த்து வைத்தது. உள்ளாட்சியில் அரசியல் கலக்கலாகாது என்று உபதேசிப்போரைக் காணும்போதெல்லாம் 1912ஆம் ஆண்டின் இச்சட்டம் நினைவுக்கு வர வேண்டும்.

இந்தப் பொறியையும் கடந்து 1916இல் டேனியல் ஹோன் வென்றார். முன்னாள் சமையல்காரர், பின்னர் தொழிற்சங்க வழக்கறிஞர், 1910 முதல் நகர வழக்கறிஞர். 1940 வரை 24 ஆண்டுகள் அவரே மேயர். முதலாம் உலகப் போர் அவரது முதற் சோதனை. போரை எதிர்த்த கட்சியின் தீர்மானத்தில் பெர்கர் உறுதியாக நின்றார். அவரது 'மில்வாக்கி லீடர்' நாளேட்டின் அஞ்சல் சலுகை 1917இல் பறிக்கப்பட்டது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 1918இல் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்; நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. இடைத்தேர்தலில் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர், மீண்டும் மறுத்தது. ஹோனோ நகரின் தலைவர் என்ற முறையில் போர்க்கால நிர்வாகத்தையும் நடத்தியாக வேண்டியிருந்தது. கட்சியின் குரலும் மேயரின் கையெழுத்தும் வெவ்வேறு திசையில் சென்ற காலம் அது.

ஹோன் ஆட்சியின் சாதனைகள் மெய்யானவை. 1925இல் ஜோன்ஸ் தீவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏரியை நஞ்சாக்கி வந்த கசடு மறு ஆண்டு முதல் 'மில்ஆர்கனைட்' என்ற உரமாக விற்பனையாயிற்று. அதை வாங்கி இட்டோரில் கோல்ஃப் திடல்காரர்களும் அடக்கம் என்பது வரலாற்றின் குறும்பு. 'கார்டன் ஹோம்ஸ்' என்ற பெயரில் 105 வீடுகள் கொண்ட கூட்டுறவுக் குடியிருப்பை நகரம் எழுப்பியது. நகராட்சி உதவியுடன் அமெரிக்காவில் எழுந்த முதல் கூட்டுறவுக் குடியிருப்பு இது. ஆனால் ஓரிரு ஆண்டுகளிலேயே அவ்வீடுகள் தனியுடைமையாயின. இத்தகைய பணிகளைக் கண்டு, 1932இல் மில்வாக்கியில் நடந்த கட்சி மாநாட்டில் நியூயார்க் தலைவர் மோரிஸ் ஹில்குவிட் 'சாக்கடை சோசலிசம்' என்று எள்ளியதாகச் சொல்வர். மில்வாக்கித் தோழர்கள் அப்பட்டத்தைப் பெருமையுடன் சூடிக்கொண்டனர். இதில் அவர்களைக் குறை கூறுவது எளிது, நியாயமன்று. தொழிலாளி வீட்டுக் குழந்தை தூய நீரின்றி மடியும் ஊரில் சாக்கடையும் வர்க்கப் பிரச்சினையே.

குறை வேறிடத்தில் இருந்தது. அந்த 24 ஆண்டுகளில் ஒருமுறை கூடச் சோசலிஸ்டுகளுக்கு நகரமன்றப் பெரும்பான்மை கிட்டவில்லை. மக்கள் ஹோனுக்கு வாக்களித்தனர். கட்சிக்கு வாக்களித்தோர் அதைவிடக் குறைவு. கடனில்லா நகரம் என்பது ஆட்சியின் தலையாய பெருமையாயிற்று. வங்கிகளின் பிடியிலிருந்து விடுபடுவது என்ற நோக்கில் தொடங்கிய அக்கொள்கை, வீட்டு உரிமையாளரும் வணிகரும் கைதட்டும் சிக்கனமாக முடிந்தது. 1936இல் 'டைம்' வார இதழ் ஹோனின் படத்தை அட்டையில் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் விஸ்கான்சின் சோசலிஸ்டுகள் லா ஃபாலெட் சகோதரர்களின் முற்போக்குக் கட்சியுடன் கூட்டமைப்பு கண்டு, வாக்குச் சீட்டில் தங்கள் சொந்த இடத்தையே விட்டுக்கொடுத்தனர். 1912இல் எதிரிகள் சட்டம் போட்டு நகரத் தேர்தலில் அழித்த கட்சிப் பெயரை, 1935இல் மாநிலத் தேர்தலில் கட்சியே அழித்துக்கொண்டது. ஹோன் 1940இல் கார்ல் சைட்லர் என்ற இளைஞரிடம் தோற்றார். சில ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகி ஆளுநர் பதவிக்கு நின்றார்.

கார்ல் சைட்லர் போரில் கடலில் மறைந்தார். அவருடைய தம்பி பிராங்க் சைட்லர் சோசலிஸ்ட். 1948இல் அவர் மேயரானபோது கட்சி பெயரளவுக்கே இருந்தது. மும்முறை வென்றார், பொது வீட்டுவசதியை விரிவாக்கினார், நகரின் பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்கினார். அவரை முடக்கியது நிறவெறி. 1950இல் சுமார் 22 ஆயிரமாக இருந்த கறுப்பின மக்கள்தொகை பத்தாண்டுகளில் 62 ஆயிரத்தைத் தாண்டியது. தென் மாநிலங்களில் விளம்பரப் பலகை வைத்துக் கறுப்பினத்தவரை மேயர் வரவழைக்கிறார் என்ற பொய்யை 1956 தேர்தலில் எதிரிகள் பரப்பினர். சைட்லர் வென்றார். ஆனால் 1960இல் மீண்டும் நிற்கவில்லை.

அந்தப் பொய் வெள்ளைத் தொழிலாளர் தெருக்களில் ஏன் எடுபட்டது? இயக்கத்தின் தொடக்கத்துக்கே இக்கேள்வி செல்கிறது. கறுப்பினத்தவரைத் தாழ்ந்த இனம் என்று 1902இல் எழுதியவர் பெர்கர். சைடல் வென்ற அதே 1910இல் நடந்த கட்சி மாநாட்டில், சீன, ஜப்பானிய, கொரியத் தொழிலாளரோடு 'இந்துக்கள்' என்று பெயரிட்டு இந்தியரையும் நாட்டுக்குள் விடலாகாது என்ற அறிக்கையின் பக்கம் நின்றவரும் அவரே. ஜெர்மானியரையும் போலந்தினரையும் ஒரே அணியில் நிறுத்தத் தெரிந்த கட்சி, வண்ணக் கோட்டைத் தாண்டக் கற்பிக்கவில்லை. பிற்காலத்தில் சைட்லர் தனிமனிதராக அக்கோட்டைத் தாண்டி நின்றார். பின்னால் அணி இல்லை.

1960இல் ஹென்றி மேயர் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் பொறுப்பேற்று 28 ஆண்டுகள் நீடித்தார். நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் தீர்மானத்தை, முதல் கறுப்பின நகரமன்ற உறுப்பினரான வெல் பிலிப்ஸ் அம்மையார் 1962 முதல் மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைத்த ஒரே வாக்கு அவருடையது. 1967 ஆகஸ்டில் கத்தோலிக்கப் பாதிரியார் ஜேம்ஸ் குரொப்பியுடன் கறுப்பின இளைஞர்கள் பாலத்தைக் கடந்து வெள்ளையர் வாழும் தென்பகுதிக்கு ஊர்வலம் சென்றனர். கல்லும் புட்டியும் அவர்கள் மீது பறந்தன. அந்தத் தெருக்களில்தான் ஒருகாலத்தில் துண்டறிக்கைக் கட்டுகள் வீடு வீடாகச் சென்றன. இருநூறு இரவுகள் ஊர்வலம் தொடர்ந்தது. 1968 ஏப்ரல் 30 அன்று நகரமன்றம் அச்சட்டத்தை நிறைவேற்றியது.