பாதியில் நின்ற ஆட்டத்தில் ஜெயித்தது யார்?

(நமது குடியிருப்பின் ஆண்டு விளையாட்டு விழாவில், குழந்தைகள் கால்பந்துப் போட்டிக்கான பரிசளிப்புக்கு முன், விளையாட்டுக் குழுவின் முன்னாள் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பத்து நிமிடம்தான் பேச வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பின்னால் சமோசா ஆறிக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்க அலுவலகத்தில் ஒரு பீரோ இருக்கிறது. பராமரிப்பு ரசீது புத்தகங்களுக்குப் பின்னால், மேல் தட்டில், ஒரு சின்னக் கோப்பை இருக்கிறது. 2020 என்று பொறித்திருக்கும். அதற்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்துக்குப் பொறுப்பு நான்தான். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

2020 மார்ச் மாதம். இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் மொத்தம் 20 அணிகள், 380 ஆட்டங்கள். 288 ஆட்டங்கள் முடிந்துவிட்டன. லிவர்பூல் 25 புள்ளி முன்னிலையில் இருக்கிறது. இன்னும் இரண்டே வெற்றி போதும், 30 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம் கையில். அந்த நேரத்தில், மார்ச் 12 இரவு, ஆர்சனல் அணியின் பயிற்சியாளர் மிகெல் ஆர்டெடாவுக்குக் கொரோனா என்று செய்தி வருகிறது. மறுநாள் லீக் நிறுத்தப்படுகிறது. 92 ஆட்டங்கள் பாக்கி.

நம் ஊர்க்காரர்களுக்கும் அந்த வாரம் நினைவிருக்கும். மார்ச் 14 அன்று கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. நம்ம சென்னையின் எஃப்சி, கொல்கத்தாவின் ஏடிகே அணியோடு மோதியது. மைதானத்துக்குள் ஒரு ரசிகர்கூட இல்லை. 3-1 என்று தோற்றோம். அந்தக் காலி இருக்கைகளை டிவியில் பார்த்தபோதுதான், இது ஏதோ ஒரு வாரத்தில் போகிற காய்ச்சல் இல்லை என்று எனக்கு உறைத்தது.

இப்போது ஒரு கேள்வி. பாதியில் நின்றுபோன லீக்கை என்ன செய்வது? மூன்று வழிதான் இருக்கிறது. ஆடியது வரை கணக்குப் போட்டு முடிவு சொல்லலாம். எல்லாமே ரத்து என்று சொல்லலாம். அல்லது காத்திருந்து, மீதியையும் ஆடி முடிக்கலாம். ஐரோப்பாவில் இந்த மூன்றுமே நடந்தன.

பிரான்ஸ் முதல் வழியை எடுத்தது. செப்டம்பர் வரைக்கும் ஆட்டம் கிடையாது என்று ஏப்ரல் 28 அன்று பிரதமர் அறிவித்துவிட்டார். இரண்டு நாளில் லீக் முடித்துவைக்கப்பட்டது. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தினார்கள். பாரிஸ் அணிக்குப் பட்டம். அமியான், துலூஸ் என்ற இரண்டு அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டன. பத்துச் சுற்று ஆட்டம் பாக்கி இருக்கும்போதே! அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த இறக்கத்தை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆனால் லீக் மறுபடி கூடி வாக்கெடுத்து, இறக்கியது இறக்கியதுதான் என்று சொல்லிவிட்டது.

நெதர்லாந்து இரண்டாவது வழி. அயாக்ஸ் அணிக்கும் ஏ.இசட். அணிக்கும் 25 ஆட்டத்தில் ஆளுக்கு 56 புள்ளி. கோல் வித்தியாசத்தில் மட்டும் அயாக்ஸ் முன்னால். ஆனால் அந்த சீசனில் இரண்டு தடவை மோதியபோதும் ஜெயித்தது ஏ.இசட்.தான். யாருக்குப் பட்டம் தருவீர்கள்? அவர்கள் யாருக்குமே தரவில்லை. யாரும் மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் இருந்த காம்பூர் என்ற அணிக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ரத்து என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். காம்பூரைக் கேட்டால் தெரியும். பாவம், அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து ஆடி, ஜெயித்து, அப்புறம்தான் மேலே போனார்கள்.

ஜெர்மனியும் இங்கிலாந்தும் மூன்றாவது வழி. ஜெர்மனி மே 16-லேயே ஆரம்பித்துவிட்டது. ரசிகர் இல்லாத ஆட்டத்துக்கு அங்கே 'பேய் ஆட்டம்' என்று பெயர். இங்கிலாந்து நூறு நாள் போலக் காத்திருந்தது. ஏன் ஆடி முடிக்க அவ்வளவு ஆசை என்று கேட்டால், விளையாட்டு நேர்மை ஒரு காரணம், டிவி ஒப்பந்தப் பணம் இன்னொரு காரணம். சீசன் முடியாவிட்டால் பல கோடி பவுண்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

வாரம் இரண்டு தடவை வீரர்களுக்குப் பரிசோதனை. முதல் சுற்றில் 748 பேரைச் சோதித்ததில் ஆறு பேருக்குத் தொற்று. வாட்ஃபர்ட் அணியின் கேப்டன் ட்ராய் டீனி, பயிற்சிக்கு வர மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய கைக்குழந்தைக்கு மூச்சுக் கோளாறு இருந்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், வந்து ஆட வேண்டியதுதானே என்று பேசியவர்களும் உண்டு. அந்த ஏப்ரல், மே மாதங்களில் நாம் காய்கறிப் பையையே வாசலில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தோம். பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் முக்கினோம். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பிறகு சந்தேகங்கள் தீர்ந்து அவரும் ஆட வந்தார்.

ஜூன் 17 அன்று லீக் மறுபடி தொடங்கியது. முதல் ஆட்டம் ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட். மைதானம் காலி. ஷெஃபீல்டு வீரர் அடித்த ஃப்ரீ கிக்கை வில்லாவின் கோல்கீப்பர் பிடித்தார். பிடித்த பந்தோடு கோட்டைத் தாண்டி வலைக்குள்ளேயே சாய்ந்துவிட்டார். டிவியில் பார்த்த எல்லோருக்கும் தெரிகிறது, அது கோல். ஆனால் நடுவரின் கடிகாரத்தில் கோல் என்ற சமிக்ஞை வரவில்லை. கோட்டைக் கண்காணிக்கும் ஏழு கேமராக்களையும் ஆட்களும் கம்பமும் மறைத்துவிட்டன. அதற்கு முன் 9,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நடந்ததே இல்லை என்று சொல்லி, அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் 0-0. வில்லாவுக்கு ஒரு புள்ளி.

குழந்தைகளே, இந்த ஒரு புள்ளியை ஞாபகத்தில் வையுங்கள்.

ஜூலை 26, கடைசி நாள். வில்லா 35 புள்ளி. போர்ன்மத் 34. வாட்ஃபர்ட் 34. வில்லா தப்பித்தது, மற்ற இரண்டும் நார்விச்சோடு சேர்ந்து கீழே போயின. அந்தக் கோல் கணக்கில் சேர்ந்து, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் வில்லாவுக்கும் 34-தான். கோல் வித்தியாசத்தில் போர்ன்மத் தப்பித்திருக்கும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். மார்ச்சில் லீக் நின்றபோது வில்லா கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. வாட்ஃபர்ட் ஆபத்துக் கோட்டுக்கு மேலே, 17-ஆம் இடத்தில். பிப்ரவரி கடைசியில் லிவர்பூலையே 3-0 என்று வீழ்த்தி, 44 ஆட்டமாகத் தோல்வியே காணாமல் லீக்கில் வந்த அதன் ஓட்டத்தை நிறுத்திய அணி அது. பிரான்ஸ் மாதிரி சராசரி போட்டிருந்தால் வில்லா போயிருக்கும், வாட்ஃபர்ட் நின்றிருக்கும். ஆடியதால் தலைகீழாகிவிட்டது. ஆக, எந்த வழியில் போனாலும் யாரோ ஒருவர் வீட்டில் அழுகைதான். எல்லோருக்கும் நியாயமான முடிவு என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை.

லிவர்பூல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஜூன் 25 அன்று மான்செஸ்டர் சிட்டியை செல்சி வென்றதால், தாங்கள் ஆடாமலேயே சாம்பியன் ஆனார்கள். ஜூலையில் கோப்பையைத் தூக்கியபோது, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் நின்று பாடும் அந்தக் 'காப்' மாடத்திலேயே மேடை போட்டார்கள். பாட ஆள் இல்லை. 30 வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் டிவி முன்னால் இருந்தார்கள்.

கூட்டம் இல்லாததால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். அடுத்த சீசன் பெரும்பாலும் காலி மைதானத்தில்தான் நடந்தது. சொந்த மைதானத்தில் ஆடிய அணிகள் 144 ஆட்டம் ஜெயித்தன. வெளியூரிலிருந்து வந்த அணிகள் 153 ஜெயித்தன. இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. பால்கனியிலிருந்து கைதட்டும் பாட்டிகளுக்கு இதைச் சொல்லத் தோன்றியது. உங்கள் கைதட்டலுக்கும் கணக்கு இருக்கிறது.

சரி, இப்போது நம் பீரோவுக்கு வருகிறேன்.

அந்த வருடம் நான்கு பிளாக், நான்கு அணி, 12 ஆட்டம் என்று ஆரம்பித்தோம். மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை 9-ஆவது ஆட்டம் முடிந்தது. சி பிளாக் முதலிடம். ஏ பிளாக் இரண்டு புள்ளி பின்னால். அடுத்த ஞாயிறு மக்கள் ஊரடங்கு. அதற்கடுத்த புதன்கிழமையிலிருந்து நாடே மூடிக்கிடந்தது. மைதானத்துக்குப் பூட்டுப் போட்டேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "போட்டி ரத்து. கோப்பை அடுத்த வருடம்."

பூட்டியது சரி. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி தப்பு. யாரையும் கேட்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் சரியாகாது. நான் ஏ பிளாக். என் மகன் அந்த இரண்டாவது இடத்து அணியில் ஆடினான்.

சி பிளாக் கேப்டனுக்கு அப்போது 13 வயது. வாடகைக்கு இருந்த குடும்பம். அந்த வருடக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது என்னிடம் வந்து, முகக்கவசத்தை இறக்காமலேயே, "அங்கிள், அப்போ நாங்க ஜெயிச்சோமா, ஜெயிக்கலையா?" என்று கேட்டான். "பார்க்கலாம்ப்பா" என்றேன். அது ஒரு பதிலா? ஒன்பது மாதம் அவன் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அதை அன்றோடு மறந்தே போயிருந்தேன்.

பெரிய பெரிய லீக்குகளுக்கே சரியான முடிவு கிடைக்கவில்லை என்று இப்போது சொன்னேன் அல்லவா? எனக்கும் கிடைத்திருக்காது. ஆனால் அவர்கள் தப்போ சரியோ ஒரு முடிவைச் சொன்னார்கள், எந்தக் கணக்கில் எடுத்தார்கள் என்றும் சொன்னார்கள். அதனால்தான் பாதிக்கப்பட்டவர்கள் எதிர்த்துக் கேட்க முடிந்தது, நீதிமன்றம் போக முடிந்தது. நான் அந்தப் பையனுக்கு எதிர்த்துப் பேசக்கூட ஒரு முடிவைக் கொடுக்கவில்லை.

அதனால் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, அடுத்த வருடத்திலிருந்து, முதல் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே விதிமுறையில் ஒரு வரி சேருங்கள். மழையோ, வெள்ளமோ, நோயோ, எதனாலும் போட்டி நின்றால், எத்தனை ஆட்டம் முடிந்திருந்தால் எப்படி முடிவு செய்வது என்று. ஜெயிக்கப்போவது யார் என்று தெரியாதபோது எழுதினால்தான் அது விதி. தெரிந்த பிறகு எழுதினால் அதற்குப் பெயர் வேறு.

இரண்டாவது, அந்தக் கோப்பை. சி பிளாக்கை சாம்பியன் என்று இப்போது எழுதச் சொல்லவில்லை. மூன்று ஆட்டம் பாக்கி இருந்தது, அது நடந்ததாக நாம் பாவிக்க முடியாது. நடந்ததை நடந்தபடி பொறிப்போம்: "9 ஆட்டங்களுடன் நின்றது. அப்போது முதலிடம்: சி பிளாக்." செலவு என்னுடையது. கோப்பையை பீரோவிலிருந்து எடுத்து, வரவேற்பறை அலமாரியில் மற்ற கோப்பைகளோடு வைப்போம். அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறானாம். அவன் அப்பாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது என் வேலை.

இன்று ஜெயித்தவர்களுக்கு வாழ்த்துகள். தோற்றவர்களுக்கும் வாழ்த்துகள். 12 ஆட்டத்தையும் நீங்கள் முழுசாக ஆடி முடித்தீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2020-இல் ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சமோசா காத்திருக்கிறது.