குறைந்த துணியும் நிறைந்த போர்வையும்



பழைய சேலை, பழைய வேட்டி, கிழிந்த பாவாடை. இவை எல்லார் வீட்டிலும் உண்டு. இவற்றை வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தால் ஒட்டுப் போர்வை கிடைக்கும். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

கர்நாடக மாநிலத்தில் உத்தர கன்னட மாவட்டம் இருக்கிறது. அங்கே எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காட்டு ஊர்களில் சித்தி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களில் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள்.

சித்திப் பெண்கள் தைக்கும் போர்வையின் பெயர் கவந்தி. முதலில் ஒரு பழைய சேலையை விரிப்பார்கள். அதன் ஓரத்தில் தையலைத் தொடங்குவார்கள். துண்டுகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள். விளிம்பை உள்ளே மடித்து, கையால் தைப்பார்கள். சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் சிறு பூ வைப்பார்கள். அதற்குப் பூலா என்று பெயர். பூலா இல்லாத போர்வை, துணி உடுத்தாத ஆளைப் போன்றது என்பார்கள்.

ஒட்டுப் போர்வையில் ஒரு தொல்லை உண்டு. பாதி வேலையில் துணி தீர்ந்துவிடும்.

ஓர் அம்மா போர்வை தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 6 அடி. அகலம் 4 அடி. நான்கு ஓரமும் சேர்ந்து 20 அடி. ஓரத்துக்குச் சிவப்புப் பட்டை வைக்கிறார். அவரிடம் இருப்பது 16 அடிதான். மூன்று பக்கம் முடிந்தது. நான்காம் பக்கத்துக்கு 4 அடி இல்லை.

கடைக்கு ஓடுகிறார். அங்கே சிவப்புத் துணி இருக்கிறது. ஆனால் அதே சிவப்பு இல்லை. ஏன்?

சாயத்தைத் தடவை தடவையாகத்தான் ஏற்றுகிறார்கள். ஒரு தடவை ஏற்றிய நிறமும் மறுதடவை ஏற்றிய நிறமும் சற்று மாறும். வீட்டுத் துணியோ வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்கும். புதுத் துணி அதோடு சேராது.

புதுச் சிவப்பை நான்காம் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும். விற்கப் போனால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். தைக்காமல் பரணில் போட்டாலோ மழைக்காலம் வந்துவிடும். பிள்ளைகள் குளிரில் நடுங்குவார்கள். பல நாள் உழைப்பு 4 அடித் துணிக்காக வீணாகலாமா?

வழி இருக்கிறது. முடித்த மூன்று பக்கங்களில் 4 அடிப் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். பிறகு இரண்டு 4 அடிப் பக்கங்களிலும் வேறு துணியை வைக்க வேண்டும். நீளப் பக்கம் இரண்டும் பழைய சிவப்பாகவே இருக்கும். பிரித்த 4 அடித் துணியும் வீணாகாது. அதில் மூலைப் பூக்கள் செய்யலாம். மீதியை நடுவில் வைக்கலாம்.

ஒரு நிறம் ஒரே இடத்தில் தனியாக நின்றால் குறை. எதிரெதிரே நின்றால் கோலம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே நிறம்தான் கண்ணை உறுத்தும். தவறிப்போய் வைத்ததாகத் தோன்றும். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சளோ கருநீலமோ வைத்தால், வேண்டும் என்றே வைத்ததாகத் தோன்றும்.

கவந்தியைப் பாருங்கள். அதில் பல நிறங்கள் போர்வை முழுதும் பரவிக் கிடக்கும். ஒரே துணியை நம்பி அவர்கள் தைப்பதில்லை. அதனால் ஒரு துணி தீர்ந்தாலும் வேலை நிற்காது.

தையலைத் தொடங்கும் முன் சில வேலைகள் உண்டு. துணியை அளந்து, கணக்கை எழுதி வைக்க வேண்டும். மடிப்புக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு துண்டைக் கையில் கொண்டுபோக வேண்டும். இரண்டையும் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சம் ஏமாற்றும். புதுப் பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு சுருங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் அதைத் தேய்த்தும் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால், அது நிற்கும்வரை அலச வேண்டும்.

துணி குறைந்தால் மனம் தளர வேண்டாம். இருக்கும் துணியைப் பிரித்து, பரப்பி வைத்தால் போர்வை நிறையும்.