ரெண்டு பேருக்குச் சாப்பாடு

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது ஞாபகம் இருக்கும். அடுத்த மாதமே கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கடலை நம்பிய குடும்பங்களுக்கு இது இரட்டை அடி. வள்ளத்துக்கும் எண்ணெய் இல்லை, அடுப்புக்கும் அரிசி இல்லை.

அந்த நாள்களில், வடமராட்சிக் கரையோரத்தில் ஏழாம் தரம் படித்த பிள்ளை ஒன்று இடைவேளைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தது. பிட்டும் சம்பலும். பக்கத்திலிருந்த சிநேகிதி எழும்பிக் குழாயடிக்குப் போய், வயிறு நிறையத் தண்ணி குடித்துவிட்டு வந்தாள். "எனக்குப் பசிக்கேல்லை" என்றாள். இவளுக்குப் பிட்டுத் தொண்டைக்குள் இறங்கவில்லை. பாதியை அவள் பக்கம் தள்ளினாள். வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு, "அம்மா, நாளைக்கு ரெண்டு பேருக்குக் கட்டித் தாங்கோ" என்றாள்.

அந்த அழுகையை நான் பெரிதாக மதிக்கிறேன். 1877இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். பெரியவர்கள் ஊர்கூடிச் செய்ததை இந்தப் பிள்ளை ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் செய்தது.

ஆனாலும் பசித்த பிள்ளையின் பொறுப்பை இன்னொரு பிள்ளையின் தலையில் விட்டுவிடலாமா? ஆசிரியர்களே, பெற்றோரே, காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளை யாரென்று தெரிந்தால் அதிபரிடம் தனியாகச் சொல்லுங்கோ. வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.